சினம் தணிந்த ஊருக்கு ஒரு வாழ்த்து

திருத்தணியில் குடியிருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பிள்ளைக்கு ஒன்று என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை, தெருவிலேயே வைத்தியம் முடிந்துவிடும். மளிகைக்கடை வாசலில் என் மகன் தரையில் புரண்டு கத்திய அன்று, பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள் உட்பட ஏழு பேர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள் 'காத்து கருப்பு' என்றார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் 'தெய்யம் பட்டிந்தி' என்றார்கள். 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்து இந்த ஊரை இந்தப் பக்கம் சேர்த்தபோது என்னென்னவோ பங்கு போட்டார்கள். பேயை மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவில் விட்டது நல்ல ஏற்பாடு.

சென்னை டாக்டர்தான் பாவம். மூன்று முறை வரச்சொல்லி, என்னிடமும் டீச்சரிடமும் தனித்தனியாகக் கேள்வித்தாள் நிரப்பி வாங்கி, அப்புறம்தான் அவரால் ஏ.டி.எச்.டி. என்று சொல்ல முடிந்தது.

காரணம் சொல்வதிலும் அவர் சுற்றி வளைத்தார். மூளை வளர்ச்சி, பரம்பரை, இதில் யார் தப்பும் இல்லை என்றார். எங்கள் தெரு அவ்வளவு தூரம் அலையவில்லை, எதிரே நின்ற என்னைப் பிடித்தது. செல்போன் கொடுத்தது நான், வேலைக்குப் போனது நான், மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததும் நான். பிள்ளையின் அப்பா பெயர் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. ஒரு ஆம்பளையின் மானத்தை இவ்வளவு பொறுப்பாகக் காக்கிற தெருவை வேறெங்கே பார்க்க முடியும்? "ரெண்டு போடு போட்டா அடங்கிடுவான் மா" என்ற மருந்தும் இலவசம்தான்.

மலைமேல் இருக்கிறவர் கதை எல்லோருக்கும் தெரியும். சின்ன வயசில் ஒரு பழத்துக்காக வீட்டை விட்டுப் போனவர். பிரம்மா தலையிலேயே குட்டிச் சிறையில் வைத்தவர். அவர் கோபம் தணிந்த இடம் என்பதால் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம்கூடக் கிடையாது, பூவால் அர்ச்சனை செய்கிறோம். சினம் தணிய ஒரு மலையையே விட்டுக்கொடுத்த ஊர் இது. என் மகனுக்குக் கிடைத்தது பள்ளி இறைவணக்கத்தில் இரண்டு நிமிடம்.

அந்தப் பள்ளிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர்ப் பள்ளி அல்லவா, செப்டம்பர் 5 அன்று அவர் படத்துக்குப் போடுகிற மாலை பார்க்கக் கண்கொள்ளாது. டாக்டர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: பையனை முன்வரிசையில் உட்கார வையுங்கள், நடுநடுவே எழுந்து நடக்க விடுங்கள் என்று. முன்வரிசைக்கும் முன்னால், கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். நடக்க விடச் சொன்னதற்கு, வீடுவரைக்குமே நடக்க விட்டார்கள். சொன்னதற்கு மேல் செய்கிற நிர்வாகம்.

தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டியபோது, பீலி சூட்டி நெய் பூசி வைத்த வேல்களைப் பார்த்து ஔவை வாய் நிறையப் புகழ்ந்தாராம், புறநானூற்றில் இருக்கிறது. இதுவும் தொண்டை நாடுதான். அந்தப் பாதுகாப்பு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. அடிக்கக் கூடாது, மனத்தை வதைக்கக் கூடாது என்கிறது 17-ஆம் பிரிவு. எத்தனை வருஷம் ஆகிறது, ஒரு கீறல் உண்டா? 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதே மெருகு. 21 வகைக் குறைபாடுகளைத் தேடித்தேடி எழுதியிருக்கிறார்கள். ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. என் மகனுக்கு டாக்டர் சொன்ன பெயரை மட்டும் அதில் சேர்த்து அழுக்காக்கவில்லை. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடப்பது என் கைப்பையில் இருக்கிற மருந்துச் சீட்டுதான்.

பள்ளியும் சட்டத்தை மீறவில்லை, அந்தப் பழி வேண்டாம். தலைமையாசிரியை என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பேனாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார். "நீங்களாவே டி.சி. கேக்கறதா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க மா. பையனுக்கும் அதான் நல்லது." எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் டி.சி. கையில் இருந்தது. ஃபீஸ் ரசீதுக்கு இரண்டு வாரம் அலையவிட்ட அலுவலகம் அது.

வீட்டுக்கு வந்துதான் அந்தத் தாளைப் பிரித்தேன். 'மாணவரின் குணமும் நடத்தையும்' என்ற வரிக்கு நேரே பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: நன்று.