பேரிக்காயும் முகத்துவாரமும்

1885ஆம் ஆண்டு பாரிசிலே கணிதர் ஹென்றி புவங்காரே ஐயாவின் தலைக்குள் ஒரு வண்டு குடைந்தது. ஆகாயத்தில் தனியே சுழலும் திரவ உருண்டையை இன்னும் இன்னும் முடுக்கினால் அது என்ன வடிவம் எடுக்கும்? மட்டக்களப்பில் வயல்நீரைக் கவனிக்கும் வட்டவிதானைமாருக்குத் தலைமுறை தலைமுறையாக வேறொரு வண்டு: மார்கழி மழைக்கு வாவி பெருகி வயல் வட்டைக்குள் ஏறுது, முகத்துவாரத்தை எப்ப வெட்டுறது? இரண்டும் ஒரே குடும்பத்துக் கணக்கு.

குடும்பத்தில் மூத்தவர் ஒய்லர். 1744இல் ஒரு தூணின் தலையில் பாரம் ஏற்றிப் பார்த்தார், கடதாசியில்தான். ஓர் எல்லை வரை தூண் நல்ல பிள்ளையாக நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் ஒரு இறாத்தல் ஏறினாலும் வளையும். இடமா வலமா என்று கேட்டால் சமன்பாடு வாயைத் திறக்காது. ஒரு தீர்வு இருந்த இடத்தில் பல தீர்வுகள். இந்தச் சங்கடத்துக்குப் பெயர் வைத்து, கிளைப்பிரிவுக் கோட்பாடு ஆக்கியவர் புவங்காரே.

அவருடைய உருண்டை முதலில் தட்டையானது, பிறகு நீண்டது, கடைசியில் பேரிக்காய் ஆனது. சார்ள்ஸ் டார்வினின் மகன் ஜோர்ஜுக்கு ஒரே புளுகம்: பேரிக்காய் இரண்டாக உடைந்தால் பூமியும் சந்திரனும் கிடைத்துவிடுமே! ரஷ்யாவில் லியாபுனோவ் மட்டும், இந்தப் பேரிக்காய் நிலைக்காது என்று பிடிவாதமாக நின்றார். புவங்காரேயும் ஜோர்ஜும் 1912இல் கண்ணை மூடினார்கள். 1917இல் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, லியாபுனோவ் சொன்னதே சரி என்றார். தீர்ப்பு வருமுன்னே இரண்டு பெரியவர்கள் கிளம்பிப்போன வழக்கு.

அந்தப் பேரிக்காய்ப் பந்தியின் எச்சில் இலைகளை எடுத்து, கூட்டித் துடைத்து ஒழுங்குபடுத்தியவர் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரிப் பையன் சந்திரசேகர், 1969இல் ஒரு முழுப் புத்தகமாக. 1961இலேயே இன்னொரு தடித்த புத்தகத்தில் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளை வைத்துத் திரவங்களைப் படுத்தாத பாடு படுத்தியிருந்தார். இரண்டு தகடுகளுக்கு நடுவே கிடக்கும் நீரைக் கீழிருந்து சூடாக்கினால், சூட்டின் உந்துதலை அளக்கும் ரேலி எண் ஏறத்தாழ 1708 ஆகும்வரை அசையாது. அதைத் தாண்டினால் சுருள் சுருளாக உருளும். 1700இல் பார்த்துவிட்டு, 'ஒன்றும் நடக்காது' என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிடும் அதிகாரிகள் எல்லா ஊரிலும் உண்டு.

இனி எங்கட ஊர் முகத்துவாரம். 1940இல் எஸ்கோபியர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் (சமையல்காரர் எஸ்கோபியர் வேறு) கடல்வாய்களுக்கு ஒரு வளைகோடு கீறினார். வாய் ஒடுங்கியிருந்தால் உராய்வில் ஓட்டம் மெலியும். அகல அகல வேகம் கூடும், மிகவும் அகன்றால் மறுபடி குறையும். மணலை அள்ளிப்போக ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகத்தைக் குறிக்கும் கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டும். பெரிய வாய் நிலைக்கும். சின்ன வாய் நம்பேலாதது: ஒரு கூடை மண் விழுந்தால் தூரும், ஒரு கூடை அள்ளினால் தானே பெருகும். மணல் வரத்துக் கூடினால் இரண்டு புள்ளியும் கிட்டக் கிட்ட வந்து, தொட்டு, காணாமல் போகும். மறுகா வாயே இல்லை.

கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. 56 கிலோமீற்றர் நீள வாவிக்கு இது என்னத்துக்குக் காணும்? அதனால் கோடையில் முகத்துவாரம் இருக்கும் பாலமீன்மடுப் பக்கம் மணல் மேடிடும். மாரியில் வாவி நீர் கடலை விட உயர்ந்து நிற்கும்போது மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்குக் கீறிவிட்டால், ஓட்டம் பிடித்தது என்றால் கரை கட்டி கட்டியாக இடிந்து விழும், வெட்டினவன் பின்வாங்கி ஓட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அலை வந்து மூடிவிடும். முன்னோருக்கு எஸ்கோபியரின் கணக்கு அப்பவே தெரியும் என்று ஒருவரும் மார்தட்ட வேண்டாம். தெரிந்தது வெட்டுறது, கணக்கில்லை.

இப்போது பெக்கோ இயந்திரம் வந்துவிட்டது, மாவட்டக் கச்சேரியில் கூட்டமும் வந்துவிட்டது. வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார், தோணிக்காரர் பொறு என்பார், அரசாங்க அதிபர் தேநீர் வரவழைப்பார். எஸ்கோபியரின் படத்தில் ஓட்டத்துக்கு இடமுண்டு, மணலுக்கு இடமுண்டு. கூட்டம் முடியுமுன்னே இருட்டில் மண்வெட்டியோடு புறப்படுகிற ஆளை எந்த அச்சில் குறிக்கிறது?