டிஸ்க்கைத் திருப்பிப் பாரு மாப்ள

மாப்ள, நீ ஹோம் தியேட்டர் வாங்குன சேதியை யாரும் வந்து எனக்குச் சொல்லல. திண்டுக்கல் நாகல் நகர்ல நீ போட்ட சத்தம் வடமதுரை வரைக்கும் கேட்டுச்சு. கேட்டதுமே ரெண்டு காரியம் விளங்கிப்போச்சு. ஒண்ணு, பயகிட்ட காசு சேந்திருச்சு. ரெண்டாவது, வால்யூமைக் குறைக்கிற பொத்தான் எங்க இருக்குன்னு கடைக்காரரு சொல்லிக் கொடுக்க மறந்துட்டாரு.

கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு சிரிக்காத. டூரிங் டாக்கீஸ்ல படம் ஓட்டுன கை இது. திரைக்குப் பின்னாடி ஒத்தை ஸ்பீக்கர், முன்னாடி மணல் குவிச்சு உக்காந்திருக்கிற சனம். பிலிம் ஓரத்துல ஓடுற கோடுதான் சத்தம். எக்ஸைட்டர் லைட்டு அது மேல விழணும். ஆனா படமும் அதுக்குரிய சத்தமும் பிலிம்ல பக்கத்துப் பக்கத்துல இருக்காது. சத்தம் ஏறக்குறைய 20 பிரேம் முன்னாடியே அடிச்சிருக்கும். ஏன்னா மிஷின்ல படம் காட்டுற வாசல் ஒரு இடம், சத்தத்தைப் படிக்கிற தலை அதுக்குக் கீழ. நடுவுல விடுற லூப்பு அளவு தப்புச்சுன்னா, சிவாஜி வாயை மூடின பொறவு வசனம் வரும். தரை டிக்கெட்டுக்காரவுக ஆபரேட்டர் பேரைச் சொல்லி வைவாக. படத்தை விட அந்த வசவு தெளிவாக் கேக்கும்.

அதனால 2010 மே மாசம் பாரமவுண்ட் கம்பெனி ‘சேவிங் பிரைவேட் ரயன்’ ப்ளூரேவைக் கடைக்கு அனுப்பிட்டு, பிற்பாதியில உதடும் பேச்சும் ஒட்டலைன்னு திரும்ப வாங்கிக்கிட்டப்ப எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. ஸ்பீல்பெர்க் படமா இருந்தா என்ன, வடமதுரைக் கொட்டகையா இருந்தா என்ன, உதடு உதடுதான்.

அன்னைக்கு ஒரு டிஸ்க்கைத் தூக்கிக் காட்டி, “மாமா, இது தப்பைத் திருத்தி அடிச்சது, அட்டையே புதுசு பாருங்க”ன்ன. அட்டையைப் பாத்துப் பொண்ணு கட்டுனவன் நீ, அதுல தப்பில்ல, அந்தப் பிள்ளை தங்கமா அமைஞ்சிருச்சு. டிஸ்க்கு விஷயத்துல அது செல்லாது. ஒருதரம் அச்சுல அழுத்துன டிஸ்க்கை யாராலயும் திருத்த முடியாது. திருத்தணும்னா முதல்ல இருந்து புது மாஸ்டர் வெட்டி, புது அச்சு எடுத்து, மறுபடி அடிக்கணும். அட்டை அப்படி இல்ல. குடோன்ல மிச்சம் கிடக்கிற பழைய அட்டையிலயே திருத்துன டிஸ்க்கு வரும். பழைய டிஸ்க்கே புது அட்டை போட்டுக்கிட்டும் வரும்.

2002 டிசம்பர்ல ‘பேக் டு தி ஃபியூச்சர்’ மூணு படமும் டிவிடியில வந்துச்சு. ரெண்டாவது படத்துலயும் மூணாவது படத்துலயும் சில இடத்துல படத்தோட சட்டத்தைத் தப்பா வெட்டி, காட்ட வேண்டியதை மறைச்சுட்டாங்க. யுனிவர்சல் கம்பெனி திருத்தி மாத்திக் கொடுத்தாங்க. திருத்துனதுக்கு அடையாளம் என்னன்னு நினைக்கிற? டிஸ்க்கு மேல ஓரத்துல, காப்புரிமை எழுதியிருக்கிற பொடி வரியில, ‘வி2’ன்னு ரெண்டே எழுத்து. அவ்வளவுதான். கண்ணாடி போடாதவன் பழசை வச்சுக்கிட்டே புதுசுன்னு சொல்லித் திரிவான்.

எல்லாக் கம்பெனியும் இப்படி வெளிப்படையா எழுத மாட்டாங்க. அதுக்குத்தான் டிஸ்க்கைத் திருப்பச் சொல்றேன். மின்னுற பக்கத்துல, நடு ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா பொடி எழுத்தா ஒரு நம்பர் தெரியும், அதுதான் மேட்ரிக்ஸ் நம்பர். மாஸ்டர் மாறுச்சுன்னா அங்கதான் தடயம் இருக்கும். கூடவே ஐஎஃப்பிஐன்னு ஒரு குறி இருக்கும். எந்த ஆலையில அடிச்சதுன்னு கண்டுபிடிக்க 1994-ல கொண்டாந்தது. நீ திண்டுக்கல்லுல பொறந்தவன், உனக்குப் பூட்டை வச்சுச் சொன்னாத்தான் ஏறும். 2019-ல பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்குன ஊரு இது. இங்கயே அலிகார் பூட்டைத் திண்டுக்கல் பூட்டுன்னு விக்கிறவுக இருக்காக. வெவரம் தெரிஞ்சவன் பளபளப்பைப் பாக்குறதில்ல, சாவியைப் போட்டுத் திருப்பி உள்ள இருக்கிற வேலையைப் பாக்குறான். டிஸ்க்குக்கு அந்த உள்வளையம்தான் சாவி. இன்னொண்ணு, பின்பக்கம் ஊதா நிறத்துல இருந்துச்சுன்னா திருத்துனதா திருத்தாததான்னு ஆராய்ச்சியே வேணாம். அது யாரோ வீட்டு கம்ப்யூட்டர்ல எரிச்சது.

அடுத்து, “இந்த டிவிடியில ஆறு நிமிசத்தை வெட்டிட்டாய்ங்க”ன்னு நீ ஊரெல்லாம் புகார் வாசிச்சியே, அதுக்கு வர்றேன். ஒருத்தரும் வெட்டல. சினிமா செகண்டுக்கு 24 பிரேம். நம்ம நாட்டுப் பழைய டிவி முறை ‘பால்’ (PAL), அதுக்கு 25. படத்தை அப்படியே 25-ல ஓட்டிப் பதிஞ்சா, 150 நிமிசப் படம் 144 நிமிசத்துல முடிஞ்சுரும். சத்தமும் சேந்து ஓடுறதால சுதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா ஏறிரும். டி.எம்.எஸ். குரல் ஒல்லியாக் கேட்டதுக்கு உன் ஆம்ப்ளிஃபயர் காரணமில்ல. லண்டன் ஐங்கரன் போட்ட டிஸ்க்கையும் உள்ளூர் டிஸ்க்கையும் வச்சு ஒப்பிடுறவன், முதல்ல கடிகாரத்தைப் பாக்கணும், பொறவுதான் காதைக் கொடுக்கணும்.

இப்ப உன்னோட பெரிய சண்டை: டால்பியா, டிடிஎஸ்ஸா? நம்ம தமிழ் சினிமாவுக்கு 1995-ல ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவைக் கொண்டாந்துச்சு, 1996-ல ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ்ஸைக் கொண்டாந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை, டீக்கடை பெஞ்சுல இன்னும் முடியல. “டிடிஎஸ் போட்டா அடி பிரமாதம் மாமா”ன்ற. அடி எங்க இருந்து வருதுன்னு பாத்தியா? டால்பி ட்ராக்குக்குள்ள டயலாக் நார்ம்னு ஒரு குறிப்பு இருக்கும். பேச்சு எந்த அளவுல பதிஞ்சிருக்குன்னு ரிசீவருக்குச் சொல்ற சீட்டு அது. அதுல மைனஸ் 27ன்னு இருந்தா, ரிசீவர் உன்னைக் கேக்காமலே 4 டெசிபல் குறைச்சுரும். டிடிஎஸ்ல பெரும்பாலும் அந்தக் குறைப்பு கிடையாது. நீ கண்டுபிடிச்ச பிரமாதம் பாதி இந்த 4 டெசிபல்தான். மனுசக் காது சத்தம் கூடுனதை நல்லதுன்னு நம்பிரும். இது காதோட கோளாறு, உன்னைக் குத்தம் சொல்லல.

ஒப்பிடணும்னா ஒழுங்கா ஒப்பிடு. ஒரே காட்சியை எடு. போன்ல சத்தம் அளக்கிற ஆப் இருக்கு, அதை வச்சு ரெண்டையும் சமமாக்கு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு உக்காரு. ட்ராக்கை உன் பொண்டாட்டி மாத்தட்டும். உனக்காகப் பொய் சொல்லாத ஒரே ஆளு அந்தப் பிள்ளைதான். எது எதுன்னு தாளுல எழுதி, கடைசியில சரிபாரு. அந்தத் தாளை எனக்குக் காட்ட வேணாம், உன் மானம் உன்கிட்டயே இருக்கட்டும்.

அதுக்கு முன்னாடி வயரைச் சரிபாரு. 2004-ல ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படம் டிவிடியா வந்தப்ப, பின்பக்க ஸ்பீக்கர்ல இசை இடம் வலமா மாறி ஒலிச்சுச்சு. லூகாஸ் கம்பெனிக்கே அந்த கதி. உன் வீட்டுல ஒரு டிஸ்க்கு மட்டும் மாறி ஒலிச்சா டிஸ்க்கு மேல சந்தேகப்படு. எல்லா டிஸ்க்கும் மாறி ஒலிச்சா வயர் மாட்டுன கையைப் பாரு. அந்த சப்வூஃபரை அடுக்களைச் சுவரோட ஒட்டி வச்சிருக்கியே, ‘குண்டு வெடிக்கிறப்ப ஒரு கிணுகிணுப்பு வருது, என்னா நுணுக்கமான மிக்சிங்’குன்னு பூரிச்சுப் போயிட்ட. அது எவர்சில்வர் தாம்பாளம் மாப்ள. நுணுக்கமான மிக்சிங்குன்னா, எச். ஸ்ரீதர்னு ஒரு சவுண்டு இன்ஜினியரு ‘மகாநதி’க்கும் ‘கன்னத்தில் முத்தமிட்டா’லுக்கும் தேசிய விருது வாங்குனாரு, 2008-ல போய்ச் சேந்துட்டாரு. எந்தச் சத்தத்தை எங்க அடக்கி வைக்கணும்னு தெரிஞ்சவரு. அவரு அடக்குனதை நீ பேஸைத் திருகி எழுப்பாத.

மூணு படம் ஒரே டிவிடின்னு மலிவா அள்ளிட்டு வந்தியே, கணக்குப் போடு. டிவிடியில ஒரு பக்கத்துக்கு எம்புட்டு அடைச்சாலும் 8.5 ஜிபிதான். ஏழரை மணி நேரத்தை அதுல அடைச்சா, படத்துக்கும் சத்தத்துக்கும் சேத்துச் செகண்டுக்கு 2.5 மெகாபிட்டுதான் தேறும். முழு டிடிஎஸ் ட்ராக்கு ஒண்ணே 1.5 கேக்கும். மிச்சத்துல சிவாஜி முகம் எங்க தெரியும்?

‘கர்ணன்’ மட்டும் தனிக்கதை. 1964-ல பந்துலு எடுத்தப்ப ஒரே ஒலித்தடம். 2012-ல புதுப்பிச்சு 5.1-ல விட்டாங்க, கூட்டம் அலைமோதுச்சு. நானும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதை ‘ஒரிஜினல் சவுண்டு’ன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி ஒத்தை ஸ்பீக்கரை நினைச்சுப் போட்ட மெட்டு அது. அஞ்சு பக்கமும் பிரிச்சது பின்னாடி வந்தவுக யோசனை. பழைய மோனோ ட்ராக்கும் சேந்து இருக்கிற டிஸ்க்கு கிடைச்சா அதை விடாத.

இப்ப எல்லாம் ஓடிடியில இருக்கு, டிஸ்க்கு எதுக்குன்னு நீ கேப்ப. அங்க ராவோட ராவா சத்தத்தை மாத்துனா, ‘வி2’ன்னு எழுத ஓரமும் கிடையாது, நம்பர் போட வளையமும் கிடையாது. நேத்து கேட்டது எதுன்னு நிரூபிக்க உன்கிட்ட ஒண்ணும் மிஞ்சாது. தப்பா அடிச்ச டிஸ்க்கு கூட, தப்பை அழிக்காம அப்படியே வச்சிருக்கும்.

பரண்ல கிடக்கிற பழைய டிஸ்க்கை எல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போடப் போறதா அந்தப் பிள்ளை சொல்லுச்சு. அவசரப்படாத. அவரு கிலோவுக்கு என்ன தர்றாரோ, அதுக்கு மேல ரெண்டு ரூவா நான் தர்றேன். அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்.