சூடு பார்க்கிறவர்

பனிமலை உச்சியில் டிராகன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வாளோடு எதிரே நிற்கவேண்டிய வீரரின் கண்ணோ திரையின் இடது மூலையில், பச்சை எழுத்தில் ஓடும் ஓர் எண்ணின் மேல் இருக்கிறது. 74. டிராகன் நெருப்பைக் கக்குகிறது. 77. வீரர் பதறிப்போய் விளையாட்டை நிறுத்திவிட்டு, மேசைக்கடியில் குனிந்து, கணினிப் பெட்டியின் பின்புறம் கையை நீட்டி, வெளியே வரும் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார். பெரிய கிராபிக்ஸ் கார்டு குடிபுகுந்த வீடுகளில் இப்படி ஒருவர் உண்டு. விளையாடத்தான் கார்டு வாங்கினேன் என்று அவர் சொல்வதை நம்பவேண்டியதில்லை. சூடு பார்ப்பதுதான் அவருடைய விளையாட்டு. டிராகன், பேய், பந்தயக் கார் எல்லாம் சூட்டைக் கிளப்பிவிட அவர் வைத்திருக்கும் எடுபிடிகள்.

அவரைக் கேட்டால், கார்டோடு ஒட்டிக்கொண்டு வந்த சனியன் இந்தச் சூடு என்பார். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. கார்டுக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். படம் வரைவது நடுவழியில் நடக்கும் காரியம். ஆகவே, எத்தனை வாட் என்ற கணக்கைப் பார்த்தாலே எவ்வளவு சூடு வாங்குகிறோம் என்று தெரிந்துவிடும். 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080-க்கு 180 வாட். 2020-இல் ஆர்.டி.எக்ஸ். 3080-க்கு 320. 2022-இல் வந்த 4090-க்கு 450. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடும். அப்படியானால் 4090 வாங்குகிறவர், பத்துக்குப் பத்து அறைக்குள் நாலைந்து உறவினர்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். அவர்கள் காபி கேட்கமாட்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். காசைக் கொடுத்த நிமிடத்திலேயே சூட்டின் அளவு முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாங்கி மாட்டும் ஃபேன்கள் எல்லாம், பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அறைக்குள் தள்ளுவதோடு சரி.

இந்த முடிவு எடுக்கப்படும் இடத்தை, உதாரணத்துக்கு, சென்னை ரிச்சி தெரு என்று வைத்துக்கொள்வோம். “என்ன மானிட்டர் சார் வெச்சிருக்கீங்க?” என்று கடைக்காரர் கேட்பார். அன்று முழுவதும் கேட்கப்படும் கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். “அதை அப்புறம் மாத்திக்கலாம்” என்று இவர் அதைத் தள்ளிவிடுவார். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். நொடிக்கு 60 படம்தான் அதனால் காட்டமுடியும். கார்டு 200 படம் வரைந்து தள்ளினால், 140 படம் முழுதாகக் கண்ணில் படாமலே போகும். அதை வரைந்த சூடு மட்டும் தப்பாமல் அறைக்கு வந்து சேரும். கணினிக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். 850 வாட் இருந்தால் போதும் என்று கார்டைத் தயாரிக்கும் என்விடியாவே சொன்னாலும் இவர் 1200-ஐத்தான் வாங்குவார், எதற்கும் இருக்கட்டும் என்று. கார்டின் நீளம் ஓர் அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, எடை இரண்டு கிலோவுக்கு மேல். அது தொய்ந்துவிடாமல் முட்டுக்கொடுக்க ஒரு கம்பியும் வாங்கிக்கொள்வார். பெட்டி மட்டும் அழகுக்காக வாங்கியது: முகப்பு முழுக்கக் கண்ணாடி, காற்று நுழைய விரல் அகல இடுக்கு. ஆறு ஃபேன்களும் வானவில் நிறத்தில் சுழலும். எதைச் சுழற்றுகின்றன என்று கேட்கக்கூடாது.

காற்றோட்டம் பற்றி அவர் படித்தது தப்பில்லை. முன்னாலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரவேண்டும், பின்னாலும் மேலேயும் சூடான காற்று வெளியே போகவேண்டும், உள்ளே வருவது சற்றுக் கூடுதலாக இருந்தால் தூசி குறையும் என்பதெல்லாம் சரியான விஷயம். காற்று எங்கே சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க, பெட்டி முன்னால் ஊதுபத்தி கொளுத்திப் புகையைக் கவனிப்பதும் உலகெங்கும் இவர் இனத்தார் செய்வதுதான். பையனுக்கு பக்தி வந்துவிட்டதென்று வீட்டில் கொஞ்சநேரம் மகிழ்ந்திருப்பார்கள். ஆயுதபூஜை அன்று அந்த மகிழ்ச்சியும் போய்விடும். குங்குமத்தூள் ஃபில்டரில் ஏறிவிடும் என்று சந்தனத்தோடு நிறுத்தச் சொல்வார். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூஜைக்காகத் தூசி தட்டுவது, இவருடைய ஆறு ஃபேன்களில் பாதியைவிட அதிகப் பலன் தருகிறது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அவர் தரப்பிலும் நியாயம் உண்டு என்பார்கள். சூடு ஏறினால் கார்டு செத்துப்போகாதா? அப்படி எளிதில் சாகாது. 4090-க்கு 90 டிகிரி வரை அனுமதி. அதை நெருங்கினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2010-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 480-க்கு அந்த எல்லை 105 டிகிரியாக இருந்தது. 74-க்கும் 77-க்கும் உள்ள வித்தியாசம் கார்டுக்குத் தெரியாது, இவருக்குத்தான் தெரியும். சரி, நம் ஊர் வெயிலுக்கு இவ்வளவு கவலைகூடப் படக்கூடாதா? இது நல்ல கேள்வி. ஃபேன் எத்தனை மாட்டினாலும் அறைச்சூட்டுக்குக் கீழே கார்டு இறங்காது. அறை 22-இலிருந்து 37-க்கு ஏறினால் கார்டும் ஏறக்குறைய அந்தப் பதினைந்து டிகிரியை ஏறியே தீரும். அதனால்தான் பனி பெய்யும் நாட்டுக்காரர் ஒருவரின் 62-ஐப் பார்த்துவிட்டு மே மாதத்துச் சென்னைவாசி தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை. பார்க்கவேண்டியது அறைக்கும் கார்டுக்கும் உள்ள இடைவெளியை. அந்தக் கழித்தல் கணக்கை மட்டும் அவர் போடமாட்டார். தண்ணீர்க் குளிர்விப்பு வைக்கலாமே என்றால், அதுவும் சூட்டைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் அதே அறையில்தான் கொட்டும். ஏ.சி. போட்டால் அறை குளிரும், உண்மை. ஆனால் முழுக் கணினியும் 600 வாட் இழுக்க, தினம் நாலு மணிநேரம் விளையாடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை டிராகனே தின்றுவிட்டு மேலும் 44 கேட்கும். ஏ.சி.யின் கணக்கு அதற்குமேல் தனி.

வீடியோ எடிட்டிங்கோ முப்பரிமாணப் படவேலையோ செய்து சம்பாதிக்கிறவர்கள் இந்தச் சித்திரத்தில் இல்லை. அவர்களுக்கு அந்த வாட் கூலியாகத் திரும்பி வருகிறது. வாட்டைக் குறைத்து வாங்கலாமே, 170 வாட் ஆர்.டி.எக்ஸ். 3060-ஐவிட 115 வாட் 4060 பொதுவாக வேகம்தானே என்று சொன்னால், “அதுல 8 ஜி.பி. மெமரிதான், பழசுல 12” என்று சூடு பார்க்கிறவர் மடக்குவார். அதில் அவர் சொல்வது சரி, சில புதிய விளையாட்டுகளுக்கு 8 போதவில்லை. ஆனால் அவர் வாங்கியது இரண்டுமில்லை, 24 ஜி.பி. உள்ள 4090.

செலவே இல்லாத வைத்தியமும் அவருக்குத் தெரியும். நொடிக்கு 60 படம் போதும் என்று வரம்பு வைத்து, பவர் லிமிட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டால் சூடு மளமளவென்று இறங்கும். கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் பெரிதாக இருக்காது. ஒருநாள் அதையும் செய்து பார்ப்பார். எண் 58-இல் போய் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். மூலையில் பார்க்க ஒன்றுமில்லாமல் போகவே, வேறு வழியின்றி அன்று முழுக்கவனத்தோடு விளையாடுவார், டிராகனிடம் வரிசையாகத் தோற்பார். மறுநாள் காலை பவர் லிமிட் பழைய இடத்துக்கே போயிருக்கும். தோற்றதற்குக் காரணம் பவரைக் குறைத்ததுதான் என்ற விளக்கமும், 575 வாட் கொண்ட 5090 என்ன விலை என்ற விசாரணையும் அன்று மாலைக்குள் தயார்.