‘தோ பக்கத்துலதான்’: வெளிநாட்டார்க்கு வழியுரைக்கும் மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

நம் நாட்டை வெளிநாட்டாருக்கு அறிமுகப்படுத்துவது சுற்றுலாத் துறை என்றொரு தவறான கருத்து நிலவுகிறது. விழுப்புரம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பு டீக்கடை பெஞ்சில் இருக்கிறது. ஆரோவில்லுக்கோ செஞ்சிக்கோ போகிற வெள்ளைக்காரர் (இச்சொல்லில் ஜப்பானியரும் அடக்கம்) திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாய் திறப்பது வழி கேட்கத்தான். அப்போது கிடைக்கிற பதில்தான் அவர் காணும் முதல் தமிழ்நாடு. அந்தப் பதிலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். களப்பணிக்கு ஆன செலவு ஏழு டீ. நிதி நல்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை.

முதலில் அளவையியல். ‘தோ’ என்பது ‘இதோ’வின் தேய்வு. தூரம் கூடக் கூட இதன் ஓகாரம் நீளும். ‘தோ பக்கத்துலதான்’ என்றால் கூப்பிடு தூரம். ‘தோஓஓ’ என்று கையும் சேர்ந்து நீண்டால் பஸ் பிடிக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். “செஞ்சிக் கோட்டையா? தோ, ஏறி ஒக்காந்தா எறக்கி உட்ருவான்” என்றுதான் சொல்வார்கள். இவர்களுக்குத் தொலைவு தெரியாது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. தொலைவு சாலையைப் பொறுத்தது என்பது மேலை நாட்டுக் கொள்கை. இவ்வட்டாரக் கொள்கைப்படி அது கேட்பவரின் களைப்பைப் பொறுத்தது. முதுகுப்பை கனக்கக் கனக்க ஊர் கிட்டே வரும். வேர்த்து விறுவிறுத்து நிற்கிற மனுஷனிடம் 28 என்று எண்ணைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அடுத்தது திசையியல். இடது, வலது எல்லாம் பாடப்புத்தகத்தோடு சரி. “அந்தப் புளியமரத்தாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, அப்பறம் பீச்சாங்கைப் பக்கம்” என்பதே வழக்கு. இதை ஒரு பிரெஞ்சுக்காரருக்கு விளக்கப் புகுந்தால் நம் உணவுமுறை, கையொழுக்கம், காலைக்கடன் மூன்றையும் ஒரே முச்சந்தியில் விளக்கிவிடலாம். கையேடுகள் இதற்கு நாற்பது பக்கம் எடுத்துக்கொள்கின்றன.

‘தெரியாது’ என்ற சொல் இம்மரபில் இல்லை. விருந்தாளியிடம் அதைச் சொல்வது வீட்டில் சோறில்லை என்று சொல்வதற்குச் சமம். தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அவர் பூக்காரம்மாவைக் கேட்பார். ஒரு பேரவை கூடும். முடிவில் மூன்று வழிகள் கிடைக்கும், மூன்றும் உறுதியாக.

ஒலியியல் சிக்கலும் உண்டு. செஞ்சியின் பெயர் ஆங்கில எழுத்தில் படும் பாட்டை நம்பி ஒருவர் “ஜிஞ்ஜீ?” என்று கேட்டார். டீ மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு இஞ்சியைத் தட்ட ஆரம்பித்தார். கேட்டவர் டீயைக் குடித்து முடிக்கையில் செஞ்சி பஸ் போய்விட்டிருந்தது. அந்தக் கோட்டைக்குப் போகிறவர்கள் தாமதமாவது வரலாற்றில் புதிதல்ல. மராட்டியர் கையிலிருந்த கோட்டையை முற்றுகையிட்ட முகலாயப் படை, சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து 1698இல்தான் உள்ளே நுழைந்தது. பிரெஞ்சுக்காரர்களோ 1750இல் ஒரே இரவில் பிடித்தார்கள். இரவு என்பதைக் கவனிக்க: வழி சொல்ல வெளியே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டியப் போர்க் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். ஆகவே இனி இஞ்சி நிறையத் தேவைப்படும்.

மாவட்டத் தலைநகரான விழுப்புரத்துக்கு மட்டும் இந்தத் ‘தோ’ கோட்பாடு பொருந்தாது. சென்னை, காட்பாடி, புதுச்சேரி, மயிலாடுதுறை, திருச்சி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர் அது. அங்கே பக்கம், தூரம் என்ற பேச்சே எழுவதில்லை. “எறங்கி மாறணும்” என்பதோடு தத்துவம் முடிந்துவிடும்.

கைபேசி வரைபடம் வந்தபின் இம்மரபு அழிந்துவிடும் என்பாருமுளர். 2006இல் புதுச்சேரி என்று பெயர் மாறிய ஊரை இன்னும் ‘பாண்டி பாண்டி பாண்டி’ என்று கூவி ஆள் ஏற்றும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அவர்கள் இதைச் சொல்லட்டும்.

இனி மரபின் தொன்மை. திண்டிவனத்தின் பழைய பகுதியின் பெயர் ‘கிடங்கில்’. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் ஆண்ட ஊர். அவனிடம் பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியதே சிறுபாணாற்றுப்படை. அந்த வழியில் மைல்கல் கிடையாது, சாப்பாடுதான் இருக்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் (கோட்டை இருக்கிற வேலூர் அல்ல) புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். சோத்தாங்கைப் பக்கமாகவே போனால் அரண்மனை. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் புளிச்சோற்றை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சொன்ன பாணன் கடைசியில் தூரம் பற்றி என்ன சொல்கிறான்? நல்லியக்கோடனின் மூதூர் தொலைவில் இல்லை, கொஞ்சம் கிட்டத்தில்தான் இருக்கிறது என்கிறான். சங்க காலத்து ‘தோ பக்கத்துலதான்’. இதைக் கண்டதும் ஆய்வாளனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சரிபார்க்க வேண்டுமல்லவா? திண்டிவனத்தில் இறங்கி, டீக்கடையில் கிடங்கிலுக்கு வழி கேட்டேன். “தோ பக்கத்துலதான் சார்” என்றார் பெஞ்சில் இருந்தவர். ஆட்டோவுக்குத் தயாராகச் சில்லறை எடுத்துவைத்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில்தான் இருந்தது.