கத்திரியில் கவசம்

கத்திரி வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும் பைக்காரரிடம் சிறந்த பாதுகாப்பு எது என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் பேருந்தின் நிழலைக் காட்டுவார்.

ஐரோப்பாவின் இ.என். 17092 தரம் சவாரி உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று பிரிக்கிறது. ஏஏஏ உடை தார்ச்சாலையில் உரசினாலும் எளிதில் கிழியாது. சென்னையில் அதை மாட்டினால் விழுவதற்கு முன்பே மயக்கம் வரும். வலைத்துணி ஜாக்கெட் காற்றை விடும், உராய்வை அவ்வளவாகத் தாங்காது. சமரசம் என்றால், வலைத்துணிக்குள் தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் அடியைத் தாங்கும் இரண்டாம் நிலை (லெவல் 2) காப்புகள். வாங்குமுன் முதுகுப் பகுதியைத் தடவிப் பார்ப்பது நல்லது. பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது வெறும் ஸ்பாஞ்சு. சாய்ந்து உட்கார அருமையானது.

இத்தனையும் படித்து, பேரம் பேசி, ஜாக்கெட் வாங்கியவர் காலில் ரப்பர் செருப்போடு கிளம்புகிறார்.

ஹெல்மெட் கதை தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, பின்னால் உட்காருபவரும் அணிய வேண்டும், வாரைப் பூட்ட வேண்டும் என்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். நம்மவரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துத்தான் வாங்குகிறார். போலீஸ் தலை தெரியும்வரை அதை முழங்கையில் மாட்டிக்கொள்கிறார். முழங்கைக்கு இவ்வளவு பெரிய காப்பு எந்த ஐரோப்பியத் தரத்திலும் கிடையாது.