சாரைக்குப் பயந்த பேராண்டிக்கு

வா பேராண்டி, கட்டில்மேல ஏறியே உக்காந்துக்க. காலைத் தொங்கப்போட்டுராத. படப்புக்குள்ள போன சாரை திரும்பி வந்து, "பட்டணத்துல இருந்து எப்ப வந்தீக"ன்னு நலம் விசாரிச்சாலும் விசாரிக்கும்.

நீ போட்ட கூப்பாட்டுல தெருவே கூடிருச்சு. கீழவீட்டுக் கெழவி எழவு வீடாக்கும்னு நெனைச்சு, ஒப்பாரிக்குத் தொண்டையக் கனைச்சுக்கிட்டே ஓடியாந்தா. வந்து பாத்தா ஒரு சாரை! விஷம் கெடையாது; எலியத் தின்னு நம்ம குலுக்கை நெல்லுக்குக் காவல் இருக்குற ஜீவன். அது உன்னயப் பாத்து ஓடுது, நீ அதப் பாத்து ஓடுற. உனக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட இப்படியொரு பொருத்தம் அமையலயேடா.

போவுது. நேத்து நீ பைக்குல வந்த அழகையும் பாத்தேன்ல. ஹெல்மெட்டு பெட்ரோல் டாங்கு மேல மாப்பிள்ளையாட்டம் உக்காந்து வருது. தலை வெறுந்தலை. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனு. டாங்கு மேல அம்புட்டுக் கரிசனம்னா, அதுக்கே பொண்ணு பாத்துருவமா?

கெழவன் என்னத்தக் கண்டான்னு நெனைக்காத. நூலகத்துல ஓசியில பேப்பர் படிக்கிறவன் நான். காசு குடுத்து வாங்குறவன் விடுற கடைசிப் பக்கத்தையும் விடமாட்டேன். நம்ம நாட்டுல பாம்பு கடிச்சுச் சாகுறவங்க வருசத்துக்குச் சுமார் 58,000 பேருன்னு 2020-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 20 வருசச் சாவைக் கணக்கெடுத்துச் சொன்னது. இன்னொரு கணக்கும் கேளு. 2022-ல மட்டும் ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு. அதுல ஹெல்மெட்டு போடாமப் போனவங்க 50,029. நாட்டுல உள்ள அம்புட்டுப் பாம்பும் சேந்து பாக்குற வேலையில முக்காவாசிக்கு மேல நீ டாங்குல மாட்டுன அந்தச் சட்டியே பாத்துருதுடா.

சிரிக்காத, இன்னும் இருக்கு. அந்த 58,000-ல உன் பங்கு என்ன? மூணாவது மாடியில ஏசி போட்டுப் படுக்குறவனுக்கு ஒண்ணுமில்ல. அது என் கணக்கு. மழைக்காலத்துல வெறுங்காலோட வரப்புல நடக்குறவன், தரையில பாய விரிச்சுப் படுக்குறவன், இவங்க கணக்கு. கட்டுவிரியன் ராத்திரி வந்து கடிச்சா வலிகூடத் தெரியாது. கொசுக்கடின்னு பொரண்டு படுப்பான். அவனுக்குத்தான் கட்டிலும் கொசுவலையும் டார்ச்லைட்டும் வேணும். நீ என்னடான்னா, அவன் பயப்பட வேண்டிய பயத்த வாங்கி நீ வச்சுக்கிட்ட. உன் பயத்த ரோட்டுலயே போட்டுட்டு வந்துட்ட.

நம்ம தோட்டத்துக் கெணறு அறுவது அடி. ஆபத்துதான். ஆனா அது எந்திரிச்சு நடந்து வந்து யாரையும் முழுங்குனதில்ல. கைப்புடிச் சுவரு இருக்கா, ராத்திரியில போறியா, குடிச்சிட்டுப் போறியா, அதுலதான் இருக்கு ரிஸ்க்கு. ஆபத்து கெணத்துல கெடக்கும். ரிஸ்க்கு உன் காலுல இருக்கும்.

சான்சி ஸ்டார்னு ஒரு அமெரிக்க இன்ஜினியரு 1969-ல 'சயின்ஸ்' பத்திரிகையில எழுதுனாரு. மனுசன் தானா இழுத்து விட்டுக்கிற ஆபத்த, அடுத்தவன் கொண்டாந்து சுமத்துற ஆபத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பொறுத்துக்கிறானாம். உங்க அப்பத்தாளை நானாத்தான் ஆசப்பட்டுக் கட்டுனேன், அதான் இத்தன வருசம் ஓடுது. பெரியவங்க பாத்துக் கட்டி வச்சிருந்தா மூணாம் மாசமே பஞ்சாயத்தக் கூட்டிருப்பேன். (உள்ள பாத்திரம் உருளுது பாரு, காதுல விழுந்துருச்சு.) போன வருசம் ஊருக்குள்ள செல்போன் டவர் வரக் கூடாதுன்னு மனு எழுதுனியே, எதுல டைப் அடிச்ச? போனுலதான! டவர் கம்பெனிக்காரன் நட்டது. போனு நீ தவணையில வாங்குனது.

கைப்புடி நம்ம கையில இருந்தாப் போதும், பயம் பல்லு புடுங்குன பாம்பாட்டம் சுருண்டுக்கும். 2001-ல அமெரிக்காவுல ரெட்டைக் கோபுரத்துல விமானத்த விட்டு மோதுனானுவல்ல, அதுக்கப்பறம் சனங்க ஆகாச மார்க்கமே வேண்டாம்னு காரை எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஸ்டியரிங் நம்ம கையில இருக்குல்ல! அடுத்த ஒரு வருசத்துல அதனாலயே ரோட்டுல சுமார் 1,500 பேரு கூடுதலாச் செத்துருக்காங்கன்னு கெர்ட் கிகெரென்சருங்கிற ஜெர்மன்காரரு கணக்குப் போட்டுச் சொன்னாரு. இந்தச் சாவெல்லாம் ஒண்ணொண்ணா, ஊரு ஊருக்குத் தனித்தனியா நடந்தது. ஒரே நாள்ல ஒரே எடத்துல செத்தாத்தான டிவிக்காரன் வாரான்.

என்னடா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற? என் வெத்தலப் பெட்டியவா பாக்குற? இது வேற விஷயம். ஆமா, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க 2004 அறிக்கையில கொட்டப்பாக்கையே புற்றுநோய் தரும்னு முதல் பிரிவுல சேத்துட்டாங்க. பொயல இல்லாட்டியும் வெறும் பாக்கே போதுமாம். நானும் படிச்சேன். ஆனா அந்தப் பட்டியலு, ஒரு சாமான் புற்றுநோயக் கொண்டாருமா கொண்டாராதான்னு மட்டுந்தான் சொல்லும். எம்புட்டுத் தின்னா எம்புட்டு வரும்னு சொல்லாது. 2015-ல பதம்பண்ணுன கறியையும் பொயலைக்குப் பக்கத்துல அதே பிரிவுல உக்கார வச்சாங்க. ரெண்டும் ஒரே அளவுக்குக் கொல்லும்னு அதுக்கு அர்த்தமில்ல. கெணறு இருக்குன்னு சொல்றான், விழுந்துட்டேன்னா சொல்றான்? பாத்தியா, படிச்ச பயலே, உன் கேள்விய உன் வாயில இருந்து வரமுன்னயே மடக்கிட்டேன்.

என்ன தாயி, உள்ள இருந்து என்னமோ சொல்ற? சத்தமாச் சொல்லு, பேரனுக்கும் கேக்கட்டும்.

ஒரு நாளைக்குப் பதினோரு தடவையா? அத எப்பருந்து எண்ண ஆரம்பிச்ச?