குடும்ப உலாவியல்: வெண்ணெய் உருண்டைப் பாறையை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

குடும்ப உலா என்பது, விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைக் காரணமாகவும் பெரியவர்களின் முதுகுவலியைக் காரியமாகவும் கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்ற பொய் நம்பிக்கையின்பேரில் மாநில எல்லைக்குள் நிகழ்த்தப்படுவதாகும். பள்ளிகள் நடத்தும் இன்பச் சுற்றுலா, கல்விச் சுற்றுலா ஆகிய இரண்டினின்றும் இது வேறானது. முன்னதில் கல்வி இல்லை, பின்னதில் இன்பம் இல்லை, குடும்ப உலாவில் இரண்டும் உண்டு என்று புறப்படும்போது அறிவிக்கப்படுகிறது. உலா என்பது சிற்றிலக்கிய வகை ஒன்றின் பெயருமாதலின், தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்டிரும் கண்டு மயங்கும் அவ்விலக்கியத்திலிருந்தே குடும்ப உலா தோன்றியது என்பர் ஒரு சாரார். ஆயினும் ஏழு பருவத்தாரும் தலைவனுடன் வாடகை வேனில் ஏறிக்கொள்வதும், வண்டலூர் தாண்டுமுன் பேதை வாந்தி எடுக்கப் பேரிளம்பெண் எலுமிச்சம்பழம் நீட்டுவதும், மயங்க வேண்டிய பொறுப்பு முழுவதும் தலைவன்மேல் விழுவதும் பாட்டியல் நூல்களில் சொல்லப்படாதவை.

உலாவுக்குரிய இடங்கள் தமிழ்நாட்டில் பல. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. அதில் திமிங்கில எலும்புக்கூடு தவிரப் பிறவற்றைப் பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயில் 16 குகைப்பாதைகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் கத்த வேண்டும் என்பது விதி. வேடந்தாங்கலில் பறவைகள் பெருகுவது நவம்பர் முதல் மார்ச் வரை, பள்ளி விடுமுறை வருவதோ மே மாதம் என்பதால், வெறும் ஏரியை நோக்கி 'இங்கேதான் உட்காரும்' என்று விரல் நீட்டும் முறை பெற்றோரிடையே வளர்ந்துள்ளது. இது 'இன்மை சுட்டல்' எனப்படும்.

பயணத்தின் உட்கூறுகளை ஆராயப் புகுவோர் சுவடிப் பதிப்பின் கலைச்சொற்களை அறிந்திருத்தல் நலம். ஜன்னலோர இருக்கைக்கு இருவர் உரிமை கொண்டாடும்போது அவர்களுக்கு நடுவே திணிக்கப்படும் சித்தப்பா மகன் 'இடைச்செருகல்' ஆவான். குழந்தையின் வயது வீட்டில் ஏழு என்றும் டிக்கெட் கவுண்டரில் நாலரை என்றும் வழங்குவது 'பாடபேதம்' ஆகும். இவற்றுள் மூலபாடம் எது என்பதில் பெரியோர் மௌனம் காக்க, 'எனக்கு ஏழு முடிஞ்சிருச்சு' என்று உரக்க மொழிந்து அதை நிலைநாட்டுவது குழந்தையே. கட்டுச்சோற்றைப் பற்றிப் பேசப் புகின் ஏடு கொள்ளாது. புளிச்சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவலே துணை என்பதோடு நிறுத்துதல் தகும்.

இத்துறையின் தலையாய களம் மாமல்லபுரம். அங்குள்ள பெரும் புடைப்புச் சிற்பம் அர்ச்சுனன் தவத்தைக் காட்டுகிறதா, பகீரதன் தவத்தால் கங்கை இறங்கியதைக் காட்டுகிறதா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டு வருகிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் தவசிக்காக இத்தனை காகிதம் செலவிட்டவர்கள், அதே பாறையில் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கிப் பொய்த்தவம் புரியும் பூனைக்கும், அதை நம்பி அருகே நிற்கும் எலிகளுக்கும் அரைப்பத்தி ஒதுக்குவதே பெரிது. பிள்ளைகளோ நேரே பூனையிடம் போய் நிற்கிறார்கள்; யாருடைய தவம் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

உலாவியலின் மையச் சிக்கல் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வழுக்கும் சரிவின்மேல் நிற்கிறது. வெண்ணெய் உருண்டை என வழங்கும் அப்பாறை சுமார் 20 அடி உயரமும் 250 டன் எடையும் உடையதாகக் கணிக்கப்படுகிறது. 1908-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கொண்டு இதை அகற்ற முயன்று கைவிட்டார் என்று சொல்லப்படுகிறது. ஏழு யானைகளுக்கு அசையாத அக்கல்லை ஏழு வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் தாங்கி நிற்பதும், தந்தையார் அதைச் செல்போனில் படமெடுக்க, 'கை கல்லுல படவே இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு' என்று தாயார் திருத்தம் சொல்வதும் இன்று அன்றாடக் காட்சிகள்.

இதைக் குறித்து இரு கொள்கைகள் உள. கீழ்ப்புறம் நின்று கைகொடுப்போர் தாங்கற் கொள்கையினர். மேற்புறம் நின்று தோள்கொடுப்போர் தள்ளற் கொள்கையினர். தாங்கலே தொன்மையானது என்பது வேனின் முன்னிருக்கையில் பெரியப்பா அருளிய உரை. இதை நடுவிருக்கை விளக்கவுரை மறுக்கிறது. அம்மறுப்பை மறுக்கும் பின்னிருக்கைக் குறிப்புரையோ, பஜ்ஜி மடித்த தாளின் உட்புறத்தில் எண்ணெய் ஊறிப் பாதி அழிந்த நிலையில் கிடைத்துள்ளமையால், 'விழாது' என்னும் பயனிலைக்கு எழுவாய் 'கல்' என்பதா 'தாத்தா' என்பதா எனத் துணியக் கூடவில்லை. 'தாத்தா' என்றே கொள்ளும் ஒரு சாரார், சரிவில் ஏற மறுத்து அவர் வேனிலேயே அமர்ந்திருந்ததைச் சான்றாகக் காட்டுவர்; அமர்ந்திருப்பவர் விழார் என்பது அவர்தம் துணிபு.

ஒரு குடும்பம் கையை எடுக்குமுன் அடுத்த குடும்பம் கைகொடுத்துவிடுவதாலேயே கல் உருளாமல் நிற்கிறது என்பது தாங்கற் கொள்கையின் உச்சம். வெயிலிலும் மழையிலும் அடுக்கடுக்காக உரிந்து உருண்டையான பாறை அது என்றும், ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடித்தளத்துக்குள் அமைவதால் நிற்கிறது என்றும் நிலவியலார் விளக்கலாம். அவர்களும் பிள்ளைகளோடு வந்தால் கைகொடுத்துத்தான் படமெடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சும் தடை ஒன்றே: மாலையில் கூட்டம் கலைந்தபின் கல்லைத் தாங்குவார் யார்? கொள்கையினர் இரு சாராரும் விடை கூறாத இவ்வினாவுக்கு, சரிவில் சறுக்கிச் சறுக்கிக் கால்சட்டையின் பின்புறம் தேய்ந்துபோன ஆறு வயது ஆய்வாளர் ஒருவர், கல்லின் நிழலில் படுத்து அசைபோடும் ஆடுகளைக் காட்டி, 'ராத்திரி இதுங்க பாத்துக்கும்' என்று விடை பகர்வார். மேற்கோள் எதுவும் காட்டப்படாமையாலும், பகர்ந்தவர் அப்போது பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருப்பதாலும், இக்கருத்தை ஆய்வுலகம் இன்னும் ஏற்கவில்லை.